எண்ணெய் பட்ட பக்கம்

சாணித்தாள் நோட்டில் பேனா முள்ளை வைத்ததுமே மை சர்ரென்று ஊறி, எழுத்துக்கு எழுத்து மெல்லிய மயிர் முளைக்கும். "இன்னா மாமே, உன் எய்த்துக்கு மீசை மொளச்சிகீது?" என்று பக்கத்து பெஞ்சு சேகர் கேட்க, வகுப்பே சிரிக்கும். காலண்டர் தாளின் பின்பக்கத்திலோ மை ஊறவே ஊறாது; முத்து முத்தாய் நின்று, கை பட்டால் கோடாக இழுத்துக்கொண்டு போகும். அறுபதுகளின் கடைசியில், சென்னையை ஒட்டிய பாடியில் எங்கள் ஒற்றை அறை வீட்டில், இதைச் சொல்லிச் சந்தோஷப்பட எனக்கு ஆள் கிடையாது. வீட்டில் எழுத்துத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தொழிற்சாலையில் லேத் ஓட்டிய அப்பா மட்டும், நான் எழுதும்போது பக்கத்தில் குந்திக்கொண்டு, பேனா போகும் வழியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஏழாவது படிக்கையில் பள்ளியில் கையெழுத்துப் பத்திரிகை தொடங்கினார்கள். ஆளுக்கொரு பக்கம் எழுதுகிறவர்கள் சனிக்கிழமை மதியம் கூடி உட்கார்ந்து படம் வரைவார்கள், அட்டை ஒட்டுவார்கள். எப்படியாவது அந்தக் கூட்டத்தில் ஒருவனாக உட்கார்ந்துவிட வேண்டும் என்று தவித்தேன். தமிழ் வாத்தியார் எனக்கும் ஒரு வழவழப்பான வெள்ளைத் தாளைக் கொடுத்தார். "வேற தாள் இல்லடா, பார்த்து எழுது."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எழுதி முடித்தேன். அந்தத் தாள் மையைக் குடிக்கவில்லை. வரிகள் ஈரத்தோடு மினுங்கின. காயட்டும் என்று தரையில் வைத்துவிட்டுத் தெருக்குழாய்க்குப் போனேன். அந்த நேரம் பார்த்து ஷிப்ட் முடிந்து வந்த அப்பா, பிள்ளையின் எழுத்து ஈரத்தில் கிடக்கிறதே என்று பதறி, பாக்கெட்டிலிருந்த 'வேஸ்ட்'டை, மிஷினைத் துடைக்கும் அந்த நூல் கழிவை, எடுத்து ஒற்றியிருக்கிறார். நான் திரும்பியபோது பாதிப் பக்கம் நீலப் புகையாகியிருந்தது. அதன்மேல் எண்ணெய்த் திட்டு.

"ஈரமா கீதேன்னு தொடச்சேன் நைனா. கெட்டுப்பூச்சா?"

"இல்லப்பா" என்றேன். எண்ணெய் பட்ட இடத்தில் மறுபடி எழுதிப் பார்த்தேன், மை ஒட்டவில்லை.

மறுநாள் வாத்தியார் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். என் பக்கம் இல்லாமலே பத்திரிகையைத் தைத்தார்கள். ஜன்னல் வழியே அவர்கள் சிரிப்புக் கேட்க, நான் ரயில் பாதையோரமாக நடந்து வீடு சேர்ந்தேன். என் பக்கம் சேராததை வீட்டில் மறைத்துவிட்டேன்.

ஆண்டு விழாவுக்கு அப்பா வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். மேஜைமேல் இருந்த பத்திரிகையை எடுத்து, ஒவ்வொரு பக்கமாக, அவசரமில்லாமல் புரட்டினார். எழுத்துத் தெரியாதவர் எதைத் தேடுகிறார் என்பது எனக்குச் சற்றுப் பொறுத்துத்தான் உறைத்தது. தம் கை பட்ட கறையைத் தேடிக்கொண்டிருந்தார். கடைசி அட்டைவரை போய் மூடிவைத்தார்.

"எல்லாமே சுத்தமா கீதே" என்றார்.

இப்போது அம்பத்தூரில் குமாஸ்தாவாக இருக்கிறேன். மைப்புட்டியும், சிந்திய மையை ஒற்றிய சாக்பீஸ் துண்டும் எங்கேயோ போய்விட்டன. பால்பாயிண்ட் பேனா எந்தத் தாளிலும் ஒரே மாதிரி எழுதுகிறது, எழுதிய கையோடு காய்ந்தும் விடுகிறது. "இப்படி வந்து உக்காருப்பா" என்று, எழுத உட்காரும்போதெல்லாம் அப்பாவைக் கூப்பிட்டுப் பார்க்கிறேன்.

"நீ எய்து நைனா, நான் வெளில கீறேன்" என்று எழுந்து போய்விடுகிறார்.