லைன் வீட்டுத் தொட்டி

பல்லடத்தில் ஒரு விசைத்தறிக் கூடத்தை ஒட்டி ஆறு லைன் வீடுகள். ஆறுக்கும் ஒரே சிமெண்டுத் தொட்டி. வாரம் ஒருமுறை வரும் குழாய்த் தண்ணீரை அதில் பிடித்து வைத்து, குடிக்கவும் துவைக்கவும் அதையே மொண்டார்கள்.

மூன்றாம் வீட்டு அன்புக்கரசிக்கு நாற்பத்து நான்கு வயது. தறிக்கு நூல் சுற்றும் வேலை. கணவனை இழந்தவள், பிள்ளையில்லை. லைனில் யாருக்கு முடியவில்லை என்றாலும் அவள்தான் போய் நிற்பாள். கடைசி வீட்டில் தனியாக இருந்த கண்ணையாவுக்கு முழங்கால் வலி என்பதால் அவருடைய குடத்தையும் அவளே நிரப்பி வைப்பாள்.

சித்திரை வெயிலில் பக்கத்து வீட்டுப் பிரவீனாவின் இரண்டு வயது மகள் இனியாவுக்கு வயிற்றால் போனது.

"நீ ஷிப்டுக்குப் போ கண்ணு, கொளந்தைய நான் பாத்துக்கறேன்" என்று அன்புக்கரசி லீவு போட்டாள். இரண்டு நாள் குழந்தையை மடியை விட்டு இறக்கவில்லை. உப்புச் சர்க்கரைத் தண்ணீரை ஸ்பூனால் புகட்டினாள். அசிங்கமான துணிகளைத் தொட்டியோரம் போட்டு, மக்கில் தண்ணீர் மொண்டு ஊற்றி அலசினாள். வெறும் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு, அதே மக்கைத் தொட்டிக்குள் விட்டுக் கண்ணையாவின் குடத்தை நிரப்பினாள்.

குழந்தை தேறிவிட்டது. மறுநாள் நான்கு வீட்டில் ஆட்கள் வயிற்றால் போய்ப் படுத்துவிட்டார்கள். கண்ணையா தனக்கும் போவதை யாரிடமும் சொல்லவில்லை. அன்புக்கரசி கதவைத் தள்ளிப் பார்த்தபோது கண்கள் குழிவிழுந்து, நாக்கு வறண்டு கிடந்தார். ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் இறந்துபோனார்.

பிளீச்சிங் பவுடரோடு வந்த நர்ஸ் வீடு வீடாக விசாரித்து அன்புக்கரசியிடம் வந்தார்.

"கொளந்தை துணிய எங்கீங்க தொவைச்சீங்க?"

"இந்தத் தொட்டிகிட்டதானுங்க."

"தண்ணி மொள்ற மக்கு?"

"ஒன்னுதானுங்க இருக்குது."

நர்ஸ் எழுதிக்கொண்டார். "இனி சோப்புப் போட்டுக் கை கழுவுங்க. தண்ணியக் காய்ச்சிக் குடிங்க" என்றார். திட்டவில்லை. ஆனாலும் அன்புக்கரசிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அன்று அவளால் சோற்றில் கை வைக்க முடியவில்லை.

காரியம் முடிந்து, வீட்டைக் காலி செய்யக் கோபியிலிருந்து கண்ணையாவின் மகன் வேலுமணி வந்தான்.

"நீங்கதான் தண்ணி எடுத்து வெப்பீங்கன்னு அப்பா போன்ல சொல்லுவாருங்கக்கா. பெரிய ஒதவிங்க" என்று கும்பிட்டான்.

அவள் பேசாமல் இருந்திருக்கலாம்.

"அந்தத் தண்ணியிலதானுங்க தம்பி அவருக்கு நோவு வந்துச்சு. என் கையாலதான்."

கும்பிட்ட கை மெல்ல இறங்கியது. வேலுமணி உள்ளே போனான். பாயைச் சுருட்டி, துணிகளை மூட்டை கட்டி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த மாதம் அன்புக்கரசி சோமனூர்ப் பக்கம் வேறொரு தறிக் கூடத்துக்கு மாறிப் போனாள். பிரவீனா எவ்வளவோ தடுத்துப் பார்த்தாள்.