சேவல் ரத்தமும் சாம்பல் சுறாவும்

எங்கள் ஆட்கள் ரத்தம் காட்டாமல் எதையும் தொடங்க மாட்டார்கள். ஆழ்துளைக் கிணறு தோண்டும் புது ரிக் வண்டி முதல் போர் போடக் கிளம்பினால் டயரடியில் ஒரு சேவல். கோழிப்பண்ணையில் புது ஷெட் எழுப்பினால் வாசலில் ஒரு சேவல். நாமக்கல் பக்கம் பண்ணை வைத்திருக்கும் என் அப்பா இந்த வேலைக்கு ஆள் தேட மாட்டார். கழுத்தைப் பிடித்து ஒரே இழுப்பு, முடிந்தது. அதே வலது கைதான் என்னையும் அடித்து வளர்த்தது. மார்க் குறைந்தால் அடி, எதிர்த்துப் பேசினால் அடி. நீச்சல் சொல்லிக்கொடுத்ததும் அந்த லட்சணத்தில்தான். இடுப்பில் கயிறு கட்டி, கிணற்று மேட்டிலிருந்து ஒரு உதை. தண்ணீர் மூக்கில் ஏற, கத்திக் கத்தி நீந்தினேன். அந்த உதைதான் இன்று எனக்குச் சோறு போடுகிறது என்று நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

அந்தமானில் சுற்றுலா வருகிறவர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போவது என் வேலை. எல்லோரும் கேட்பது சுறாவைத்தான். துடுப்பு நுனி வெளுத்த சுறா பகலெல்லாம் பாறை இடுக்கில் படுத்துக் கிடக்கும், சோறு தின்ற நாய் மாதிரி. நுனி கறுத்தது முழங்கால் தண்ணீரில் திரியும். கையை ஆட்டினால் ஓடிவிடும். புலிச்சுறாவை ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன், விலாவெல்லாம் வரி. அது என்னைப் பார்த்துவிட்டு அவசரமே இல்லாமல் போனது. அவசரப்பட்டுப் படகேறியது நான்தான். சாம்பல் சுறா வேறு ரகம். நீரோட்டம் இழுக்கிற பாறை விளிம்பில் கூட்டமாகச் சுற்றும். கோபம் வந்தால் முதுகை வளைத்து, பக்கத் துடுப்புகளைக் கீழே இறக்கி, விறைத்துக்கொண்டு நீந்தும். அப்போது நாம் மெல்ல விலகிவிட வேண்டும். விலகினால் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. இப்படி முன்கூட்டிச் சொல்லிவிட்டுக் கடிக்கிற குணம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது.

இதையெல்லாம் போனில் அப்பாவிடம் சொன்னேன். "பல்லிருக்கறது கடிக்காம உடுமா?" என்றார். அடுத்த வாரமே விமானம் ஏறி வந்துவிட்டார்.

"ஒருக்கா கண்ணுல பாக்கறேன். மனசுக்குச் சரின்னு பட்டா இருந்துக்க. இல்லீனா பொட்டியக் கட்டு, ஊட்டுக்குப் போலாம்."

அவர் சொன்னால் சொன்னதுதான். வயது முப்பது தாண்டினாலும் எங்கள் வீட்டில் பெண் பெண்தான். கடல் போனால் எனக்கு மிஞ்சுவது முட்டை ட்ரேயும் கோழிப்பீ நாற்றமும். அன்று சுறாக்களை நான் கும்பிட்ட மாதிரி எந்தச் சாமியையும் கும்பிட்டதில்லை.

மறுநாள் காலை படகின் முனையில் ஒரு சாக்குப்பை கிடந்தது. தேங்காய் பழமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். பூசைச் சாமான் இல்லாமல் அவர் எங்கும் கிளம்ப மாட்டார். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடியைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். மேலே நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மகள் கண்முன்னால் கடலுக்குள் போகிறாள், காவு கொடுக்காமல் இருக்க அவருக்கு மனசு கேட்கவில்லை. படகோட்டிக்குத் தமிழ் தெரியாது. அவன் எழுந்து வருவதற்குள் சாக்கிலிருந்த சேவலை அறுத்து, முனையில் ரத்தம் விட்டு, துடிக்கிற உடலைக் கடலில் எறிந்துவிட்டார். மீன் படகுகள் குடலைக் கொட்டிக்கொண்டு போகிற வழி அது. மேலிருந்து விழுவது தீனி என்று அங்கே உள்ள சுறாக்களுக்குப் பழக்கம்.

கீழே இருந்த எனக்கு, தலைக்கு மேல் ஏதோ சிறகடிப்பது மட்டும் தெரிந்தது. சுற்றிக்கொண்டிருந்த சாம்பல் சுறாக்கள் ஒரே நேரத்தில் மேலே திரும்பின. ஒன்று கவ்வியது, ஒன்று பிடுங்கியது, இன்னொன்று பிடுங்கியதன் செவுளையே கடித்தது. இறகும் சதையும் எங்கள் மேல் இறங்கின. ஜோடியைப் பாறையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். தீனி தீர்ந்தால் அடங்கிவிடும், காத்திருந்தால் போதும்.

அப்பா காத்திருக்கவில்லை. தண்ணீர் கொதிப்பதைப் பார்த்து, என்னைத்தான் கிழிக்கின்றன என்று நினைத்துக் கத்தியோடு குதித்துவிட்டார். கூட்டத்தின் நடுவில் விழுந்து கண்டபடி குத்தினார். ஒரு சுறாவின் வயிறு கிழிந்து குடல் தொங்கியது. அடுத்தது அவர் வலது முன்கையைக் கவ்வித் தலையை உதறியது. கடலுக்கடியில் சிவப்பு எடுபடாது; கீழிருந்து பார்க்க அவர் ரத்தம் பச்சையாகத் தெரிந்தது.

ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தக் கைதானே. சொல்லக்கூடாததுதான், ஆனால் இருந்தது. அடுத்த நொடி, அங்கேயே இருங்கள் என்று ஜோடிக்குச் சைகை காட்டிவிட்டு மேலே பாய்ந்தேன். நீரோட்டத்தில் பாறையில் ஊன்றிக்கொள்ள எப்போதும் கையில் வைத்திருக்கும் இரும்புக் கம்பியால் அதன் செவுளில் குத்தினேன், திரும்பத் திரும்பக் குத்தினேன். விட்டது, ஒரு வாய்ச் சதையோடு. அப்பாவுக்கு என்னையும் அடையாளம் தெரியவில்லை. கத்தியை இடது கைக்கு மாற்றி என் மேலேயே வீசினார். அவர் தலையை நீருக்கு மேலே இழுத்து, முகத்தில் ஓங்கி அறைந்தேன். கத்தி நழுவியது. முடியைப் பிடித்து இழுத்துப்போய்ப் படகோட்டியிடம் தள்ளிவிட்டு, மறுபடி இறங்கி ஜோடியை மேலே கொண்டுவந்தேன்.

கை பிழைத்தது. விரல்கள் முழுதாக மடங்கவில்லை. அவரை ஊருக்குக் கூட்டிவந்தபோது என் பெட்டியும் கூட வந்தது. இனிக் கடல் இல்லை என்றுதான் நானும் நினைத்தேன்.

பார்க்க வந்த மாமா, என் அம்மாவின் தம்பி, வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். "காவு குடுத்தும் கடிச்சிருக்குதுன்னா இவ ராசி அப்படி" என்று என் பெட்டியைக் கவிழ்த்து, நீச்சல் கண்ணாடியைச் செருப்புக் காலால் மிதித்து நொறுக்கினார். நான் அவர் சட்டையைப் பிடித்தேன். அவர் கையை ஓங்கினார்.

"கைய எறக்கு மச்சான்" என்றார் கட்டிலில் கிடந்த அப்பா. "அதுக பாட்டுக்குப் போயிட்டிருந்துச்சு. அறுத்து ஊத்துனது நானு. குத்துனதும் நானு. இவ அறைஞ்ச அறையிலதான் உசுரோட கெடக்கறேன்."

மாமா வெளியே போய்விட்டார். நான் உடைந்த கண்ணாடியைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"எப்பக் கெளம்பற?" என்றார் அப்பா.

"மனசுக்குச் சரின்னு பட்டுச்சுங்களா?"

"படல சாமி. எந்நாளும் படாது. நீ போ."

எழுந்து அவர் பக்கத்தில் போனேன். கட்டுப் போட்ட வலது கையை என் தலையை நோக்கித் தூக்கினார். தடவத்தான் தூக்கினார், எனக்குத் தெரியும். ஆனால் என் உடம்பு பழக்கத்தில் சட்டென்று குனிந்து விலகிவிட்டது.

அவர் கையைக் கீழே இறக்கிக்கொண்டார்.