றோசலின் கேட்ட மேல் நிரை

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் றோசலினைப் பற்றிக் கேட்டால், "அவளா, அவ பாட்டுக்கு இருப்பா" என்பார்கள். அதற்கு மேல் சொல்ல யாருக்கும் ஒன்றும் இருக்காது. நான் அடுத்த காம்பராக்காரி, மீனம்மா. நடுவில் ஒரு சுவர்தான். எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, வாயும் இருக்கிறது.

லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருவரும் கொழுந்து பறிக்கிறோம். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. தம்பி அன்டன் குடும்பத்தோடுதான் இருந்தாள். போன வருசம் அன்டன் பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போனான். மகள் ஆசையாக வளர்த்த வெள்ளை முயலை மட்டும் விட்டுவிட்டான். "கறியாக்கிச் சாப்பிடுக்கா" என்று வேறு சொல்லிவிட்டுப் போனான், புண்ணியவான்.

அவள் கறியாக்கவில்லை. வெள்ளையம்மா என்று பேர் வைத்தாள். தம்பி போன பிறகு செத்த வீடு மாதிரிக் கிடந்த காம்பராவில் பேச்சுச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. "வெள்ளையம்மா, இன்னைக்கு ஆத்தோரத்துல ஒரே அட்டைடி. காலெல்லாம் ரத்தம்." ஊரில் ஒருவரிடமும் வாய் திறக்காதவள் முயலிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். நான் சுவரில் காதை வைத்துக் கேட்டேன் என்று நினைக்காதீர்கள். எங்கள் சுவருக்குக் காது வைக்கத் தேவையில்லை.

மழைக்காலம் வந்தபோது முயல் படுத்துக்கொண்டது. பின்னங்கால் இரண்டையும் இழுத்து இழுத்து நகர்ந்தது. றோசலின் அதைத் துண்டில் சுற்றி, தலவாக்கலையில் மிருக டாக்டரிடம் கொண்டு போனாள். துணைக்கு நானும் போனேன், பேச ஆள் வேண்டுமே. டாக்டர் சிங்களவர், தங்கமான மனுசன். காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, எங்கே வைத்து வளர்க்கிறீர்கள் என்று கேட்டார். கட்டிலுக்கு அடியில் என்றேன். "எலியட்ட கன்ன நங்கி, மெயாட்ட அவ்வ ஓன" என்றார். வெளியே எடு தங்கச்சி, இதற்கு வெயில் வேண்டும் என்று அர்த்தம். வெயில் படாமல் எலும்பு மெலிந்துவிட்டது, இப்படியே விட்டால் பிழைக்காது என்றும் சொன்னார்.

வெயிலுக்கு நாங்கள் எங்கே போக? எங்கள் காம்பராவுக்கு ஜன்னல் கிடையாது. எதிரே இன்னொரு லயம் நின்று மறைக்கிறது. வாசலில் விட்டால் நாய்கள் ஒரு நிமிசம் வைக்காது. றோசலின் யாரையோ பிடித்து, கூரைத் தகரத்தில் ஒன்றைக் கழற்றிக் கண்ணாடித் தகடு போட்டாள். காம்பரா பளிச்சென்றுதான் ஆனது. அந்த வெளிச்சத்துக்குக் கீழே முயலை வைத்துவிட்டு நிம்மதியாக மலைக்குப் போனாள். முயல் எழும்பவில்லை. திரும்பப் போய்க் கேட்டால், தகட்டுக்குள்ளால் வருகிற வெயில் சரிவராதாம், நேராக உடம்பில் படவேண்டுமாம், ஒதுங்க நிழலும் பக்கத்திலேயே இருக்கவேண்டுமாம். எனக்கு எரிச்சலாக வந்தது. இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

எங்கள் ஊரில் மழைக்காலத்து வெயில் காலையில் சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். அந்த நேரம் நாங்கள் மலையில் நிற்போம். ஆகவே அவள் முயலைச் சின்னக் கூடையில் வைத்து, மேலே சாக்கு மூடி, மலைக்கே கொண்டுவந்தாள். மருந்து அடிக்காத இடமாகப் பார்த்து, மரத்தடியில் கயிற்றில் கட்டுவாள். வெயில் வந்தால் அது வெளியே படுக்கும், சுட்டால் நிழலுக்கு நகரும். கொஞ்ச நாளில் இழுப்புக் குறைந்தது. அவள் முகமும் தெளிந்தது.

கெட்டது ஒரு மழையால். திடீரென்று கொட்டியது. முயல் நனையக்கூடாதென்று றோசலின் அதைத் தூக்கித் தன் கொழுந்துச் சாக்குக்குள் போட்டுக்கொண்டு ஓடினாள். கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்கு, மடுவத்துக்குப் போகும் முன்னால் எடுத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறாள். அங்கே போனதும் சாக்கை யாரோ பிடுங்கித் தராசில் மாட்டிவிட்டார்கள். முள் ஒரு இடத்தில் நிற்காமல் ஆடியது. கங்காணி அழகன் தராசைத் தட்டிப் பார்த்தார். பிறகு சாக்கைத் திறந்தார். கொழுந்துக்கு நடுவில் வெள்ளையம்மா உட்கார்ந்து ஒரு இலையை மென்றுகொண்டிருந்தாள்.

மடுவமே சிரித்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். கங்காணி மட்டும் சிரிக்கவில்லை.

"தேயிலையில முசல் மயிரு கெடந்தா ஃபெக்டரியில யார கேப்பாங்க? என்னத்தான். இனி இது மலைக்கு வரக்கூடாது" என்றார்.

அவர் சொன்னதிலும் தப்பில்லை. றோசலின் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டாள். முயல் மறுபடி கட்டிலுக்கு அடியில் போனது. சில நாளில் தீனியையும் விட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றுபோனது. அந்த அமைதி எனக்குப் பொறுக்கவில்லை. நானே கங்காணியிடம் பேசட்டுமா என்று கேட்டேன். "வேணாம் மீனா. நானே கேக்குறேன்" என்றாள். இவளாவது கேட்கிறதாவது என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் கங்காணி யாருக்கு எந்த நிரை, எந்த வரிசைச் செடி என்று பிரித்துக் கொடுப்பார். எல்லாரும் சண்டை போட்டு நல்ல நிரை வாங்குவோம். யாருக்கும் வேண்டாத ஆத்தோர நிரை, அட்டையும் இருட்டுமாக, எப்போதும் றோசலினுக்குத்தான். கேட்காதவளுக்கு மிஞ்சுவதுதானே கிடைக்கும். அன்றைக்கும் கங்காணி, "றோசலின், ஆத்தோரம்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார்.

"எனக்கு மேல் நிரை குடுங்கண்ணே."

களம் திரும்பிப் பார்த்தது. அவள் இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"அங்கதான் மொதல்ல வெயில் விழும். கூடைய தூரத்துல வைக்கிறேன். கைய கழுவிட்டுத்தான் கொழுந்தத் தொடுவேன். சாக்குப் பக்கம் கொண்டார மாட்டேன்."

"இத்தன வருசமா ஒண்ணும் கேட்டதில்ல. முசலுக்காகவா கேக்குற?"

"எனக்குன்னு கேக்க வாய் வரலண்ணே. அதுக்குன்னா வருது."

கங்காணி எங்கள் எல்லாரையும் ஒரு தடவை பார்த்தார். அன்றைக்கு ஒருத்தியும் எனக்கு உனக்கு என்று வாயைத் திறக்கவில்லை. நான்கூடத் திறக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"சரி, மேல் நிரைக்குப் போ" என்றார். "ஆத்தோரத்துக்கு மீனம்மா."

அன்றைக்கு மூடிய என் வாய்க்கு அது வேண்டியதுதான்.

அதற்குப் பிறகு முயல் தினமும் மலைக்கு வந்தது. பனி மூடிய நாளில் றோசலின் கூடையைத் திறக்காமல் வைத்திருப்பாள். பறிக்கிற மும்முரத்தில் அவளுக்கு வானம் பார்க்க நேரம் இருக்காது. அதனால் பனி விலகுவதை முதலில் காண்கிறவள் "வெயிலு" என்று குரல் கொடுப்பாள். அடுத்த நிரைக்காரி அதை வாங்கி மேலே அனுப்புவாள்.

போன கிழமை ஒரு நாள் அந்தக் குரல் ஆம்பிளைக் குரலாகக் கேட்டது. கங்காணிதான். ஆற்றங்கரையில் நின்று நானும் நிமிர்ந்து பார்த்தேன். மேலே றோசலின் கூடையைத் திறந்தாள். வெள்ளையம்மா வெளியே வந்து, மூக்கை ஆட்டி, பின்னங்கால் இரண்டையும் ஊன்றி எழும்பி நின்றாள். றோசலின் சாக்கை இறக்கி வைத்தாள். வேலை நேரத்தில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு முயலுக்குப் பக்கத்தில் வெயிலைப் பார்த்து உட்கார்ந்தாள். கங்காணி அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, கீழே என்னிடம் வந்து, கொழுந்து முற்றலாக இருக்கிறது என்று சத்தம் போட்டார்.