மலையைப் பார்த்து நின்றவர்

ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் படிப்பித்த காலத்தில் அவரைத் தெரியும். ஒல்லியான மனிதர். வெயிலிலும் மழைக்கோட்டைக் கழற்றமாட்டார். மண்சரிவில் மனைவியையும் மகளையும் பறிகொடுத்த பிறகு மாதக்கணக்காக யாரோடும் பேசாமல் இருந்தாராம். அப்புறம் மண்சரிவை முன்கூட்டியே எச்சரிக்க, அதிகாரிகள் மழை அளக்கும் போத்தல் ஒன்றை அவர் பொறுப்பில் விட்டார்கள். தினமும் காலையில் அதைப் பார்த்துவிட்டு, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வீடுவீடாகப் போய் அளவைச் சொல்லி வருவார்.

“இப்ப மனசு கொஞ்சம் ஆறிருச்சாண்ணே?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஆறலைங்க டீச்சர். ஆனா மழை பெய்யிறப்ப எனக்கு வேலை இருக்கு.”

தவணைப் பரீட்சை நடந்த ஒரு மழைநாளில் வகுப்பு வாசலில் வந்து நின்றார். “போத்தல்ல தண்ணி சிவப்புக் கோட்டைத் தாண்டிருச்சு, மண்ணு சரியலாம். புள்ளைங்கள ரோட்டுப் பக்கம் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க டீச்சர்.”

பழைய பயம் இன்னும் மனிதரை விடவில்லை என்று நினைத்தேன். “பரீட்சை முடியட்டும், நீங்க போங்க” என்று பிள்ளைகள் பார்க்கவே கதவைச் சாத்தினேன்.

அவர் போகவில்லை. வகுப்புக்குப் பின்னால், எங்களுக்கும் மலைக்கும் நடுவில், மலையைப் பார்த்தபடி நின்றுகொண்டார். கடைசித் தாளை வாங்கும்வரை யன்னலில் அவருடைய நனைந்த முதுகு தெரிந்தது. அன்று ஒன்றும் சரியவில்லை. அதனால் நான் செய்ததே சரியென்று இருந்துவிட்டேன். மன்னிப்பும் கேட்கவில்லை.

இப்போது வத்தேகமயில் படிப்பிக்கிறேன். மழை கனத்தால் புத்தகத்தை மூடிவிட்டு யன்னலைப் பார்க்கிறேன். அங்கே யாரும் நிற்பதில்லை.