பொங்கலோ என்று கத்தாத வருஷம்

எனக்கு ஒன்பது வயதாகும்போது அம்மா இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வியட்நாமுக்குப் போனாள். இரண்டு வருஷ வேலை. காட்டுப்பாக்கத்து ஃபிளாட்டில் நானும் அப்பாவும் மட்டும். அம்மா போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அவளிடம் படிக்கிற பிள்ளைகளைத்தான் பொறுக்க முடியவில்லை. ஃபோனில் எப்போது பார்த்தாலும் "எம் பசங்க, எம் பசங்க" என்பாள். அப்படியென்றால் நான் யாராம்?

பொங்கலன்று காலையில் வீடியோவில் வந்தாள். பின்னால் வகுப்பறை. மேசைமேல் கரண்ட் அடுப்பு, அதில் மஞ்சள் கட்டிய பாத்திரம், சுற்றிலும் இருபது பிள்ளைகள். முன்னால் நின்ற ஒருத்தி என் பச்சைப் பாவாடையைக் கட்டியிருந்தாள். எனக்குச் சின்னதாகிவிட்டது என்று அம்மா பெட்டியில் வைத்துக்கொண்டு போனது. சின்னதானால் என்ன, என்னுடையதுதானே?

எங்கள் வீட்டில் பால் பொங்கும்போது முதல் குரல் கடைக்குட்டியுடையது. மூத்ததும் நானே, கடைக்குட்டியும் நானே என்பதால் அதுவரை யாரும் போட்டிக்கு வந்ததில்லை.

"நீ கத்துடி செல்லம். நீ கத்துனாத்தான் இவங்க கத்துவாங்க. உனக்காகத்தான் எல்லாரும் நிக்கிறாங்க பாரு" என்றாள் அம்மா.

அங்கே பால் நுரைத்து ஏறியது. இருபது பேரும் என் வாயையே பார்த்தார்கள். நான் உதட்டை இறுக்கிக்கொண்டேன்.

"இன்னாடி, வாய்ல கொழுக்கட்டையா வெச்சினு கீற? கத்து!" என்றார் அப்பா.

"அந்தப் பாவாடக்காரிய கத்தச் சொல்லு" என்றேன்.

பால் பொங்கி வழிந்தது. அடுப்பு கீகீ என்று அலறிவிட்டு அணைந்தது. ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. அம்மா மேசையைத் துடைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் நான் அன்று பக்கத்து ஃபிளாட்டுச் சர்க்கரைப் பொங்கலை இரண்டு தடவை கேட்டு வாங்கித் தின்றேன்.

அந்த ஊரில் பொங்கலுக்கு லீவு கிடையாது. வகுப்பு நேரத்தில் வீட்டுக்கு ஃபோன் பேசவும் கூடாது. எங்கள் பண்டிகையைப் பாடமாக நடத்துகிறேன் என்று அம்மா பள்ளியில் கெஞ்சி வாங்கிய அரைமணி நேரம் அது. அந்தப் பிள்ளைகளுக்காக என்னைக் கூப்பிடுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். என்னைக் கூப்பிடுவதற்காகவே அவர்களைக் கூட்டி நிறுத்தியிருந்தாள் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.