கூடத்துக்குப் போகும் வழி

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவின் கடைசியில் ஒரு சந்து. அதைத் தாண்டினால் நெசவாளர் தெரு. அதன் முனையில், எல்லாருக்கும் பொது என்று கட்டிய சமுதாயக் கூடம். எழுபதுகளின் தொடக்கத்தில் நானும் அக்காவும் அங்கே தையல் வகுப்புக்குப் போனோம். அக்காவுக்கு ஒரு கால் போலியோவில் சூம்பிப் போயிருந்தது. கக்கத்தில் கட்டையை ஊன்றித்தான் நடப்பாள். பெரிய ரோடு வழியாகச் சுற்றிப் போவது அவளால் ஆகாத காரியம்.

கூடத்தில் ரேடியோவும் உண்டு. எங்கள் தெருக்காரர்கள் தரையில் உட்கார்ந்து கேட்பதுதான் வழக்கம். ஒரு மாலை, எங்கள் ஆள் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து செய்தி கேட்டார். பெஞ்சில் இருந்த நெசவாளர்கள் எழுந்து போனார்கள், அவ்வளவுதான்.

மறுநாள் சந்தின் வாயிலுக்குக் குறுக்கே, கழிகளை நட்டுத் தறிக்கான பாவு நூலை நீட்டியிருந்தார்கள். நீட்டிய பட்டுநூலை யாரும் தாண்ட மாட்டோம்.

"சுத்திப் போங்கமா, வேல நடந்துகினு இருக்குது," என்றார் ஒருவர். வீட்டுக்குத் திரும்பினோம்.

அதற்கடுத்த நாள் நூல் இல்லை. கழிகள் மட்டும் நின்றன.

"பாவே இல்ல, கழி எதுக்குடி?" என்று அக்கா அவற்றுக்கு நடுவே நுழைந்தாள். நாங்கள் நடக்க நடக்க ஒவ்வொரு வீட்டிலும் தறிச்சத்தம் நின்றது.

வகுப்பில் எங்களோடு யாரும் பேசவில்லை. எப்போதும் என் பக்கத்தில் தைக்கும் நெசவாளர் வீட்டுப் பெண் மட்டும், நூல்கண்டை எடுப்பதுபோல் என்னிடம் குனிந்தாள்.

"நாளைக்கு வராதீங்க."

"ஏன்மா?"

"வீட்டுல பேசிக்கினாங்க. உங்க அக்காவால ஓட முடியாது, பாத்துக்கோ."

திரும்பும்போது அக்காவிடம் சொன்னேன். "தைக்கத்தானே போறோம், ஓடறதுக்கா?" என்றாள்.

மறுநாளும் போனோம். கூடத்தின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ரேடியோ பாடியது. தட்டினேன். பாட்டு நின்றது. யாரும் திறக்கவில்லை. திரும்பிப் பார்த்தால், நாங்கள் வந்த சந்தின் வாயில் முள்ளை வெட்டிப் போட்டிருந்தது. தெருவில் ஒருவரும் இல்லை.

பெரிய ரோடு வழியாகவே வீடு வந்தோம். அக்காவின் கக்கம் உரிந்து ரவிக்கையில் ரத்தம்.

பிறகு சந்தை அடைத்து நெசவாளர்கள் சுவர் எழுப்பினார்கள். எங்கள் தெரு ஆண்கள் முறைவைத்துத் தடியோடு காவலுக்கு உட்கார்ந்தார்கள். அக்கா வீட்டிலேயே கையால் தைத்தாள். வாசலில் காலடி கேட்டால் அவள் ஊசி நிற்கும். வருவது யார் என்று தெரிந்த பிறகுதான் மறுபடி ஓடும்.