மூன்றாவது குட்டி வரும்வரை வெந்நீர் இல்லை

‘குட்டிகளை எண்ணாமல் அடுப்பைப் பற்ற வைக்கக் கூடாது. மார்கழி 2.’

எங்கள் குளியலறைக் கதவில் ஒட்டியிருக்கும் காலண்டர் தாளில் முதலில் எழுதியது இவ்வளவுதான். கையெழுத்து என்னுடையது, உத்தரவு என் மனைவியுடையது.

மைசூரில் மார்கழி வந்தால் மொட்டைமாடி சோலார் லீவு போட்டுவிடும். குளியலறையில் செங்கல் அடுப்பின் மேல் பதித்த பழைய செம்பு அண்டாவில்தான், இங்கே ஹண்டே என்பார்கள், விறகு வைத்து வெந்நீர் போடுவோம். முந்தைய நாளின் சாம்பல் விடியும்வரை கதகதப்பாக இருக்கும். சென்ற ஆண்டு எங்கள் பூனை போட்ட மூன்று குட்டிகள், பெட்டியில் விரித்துக் கொடுத்த என் ஸ்வெட்டரை மதிக்காமல் அந்தச் சாம்பலில் போய்ப் படுத்தன. அடுப்பு வாயில் பலகை வைத்தேன், தள்ளிவிட்டன. செங்கல் அடுக்கினேன், இடுக்கில் புகுந்தன. அதன் பிறகே உத்தரவு. கரண்டியால் ஹண்டேயைத் தட்ட வேண்டும். தும்மிக்கொண்டு வெளியே வருபவர்களை எண்ண வேண்டும்.

மறுநாளே சோதனை வந்தது. மனைவியின் தம்பி, இன்டர்வியூவுக்காக முந்தின மாலையே நஞ்சன்கூட்டிலிருந்து வந்தவன், துண்டைக் கட்டிக்கொண்டு நின்றான். தட்டினேன். இரண்டு வந்தன.

“பத்த வைங்க மாமா, லேட்டாகுது.”

தீக்குச்சியை எடுத்துவிட்டேன். மனைவி பெட்டியோடு பிடுங்கிக்கொண்டாள். “கணக்கு மூணு.”

“அக்கா, இன்டர்வியூ எனக்கா, பூனைக்கா?”

“பச்சத் தண்ணில குளிச்சா நீ செத்துட மாட்டடா.”

“ஸ்வல்ப தயவு காட்டுக்கா.”

நான் தரையில் கவிழ்ந்து படுத்து டார்ச் அடித்தேன். தோள்வரை கையை விட்டுத் துழாவினேன். சாம்பல்தான் அகப்பட்டது. ஆனால் புகைபோக்கி திரும்பும் மூலை கைக்கு எட்டவில்லை.

“உங்க கை எட்டாத எடத்துக்குத் தீ எட்டும்,” என்றாள் மனைவி. அதோடு பேச்சு முடிந்தது.

முதல் சொம்பு தண்ணீருக்கு அவன் எடுத்த சுருதியைத் தெருமுனை வரை கேட்டிருப்பார்கள். பிறகு உடை மாற்றப் போனவன் அறையிலிருந்து நிதானமாகக் கூப்பிட்டான்.

“அக்கா, உன் மூணாவது இங்க இருக்கு.”

அவன் குளிக்க வருமுன் இஸ்திரி போட்டு வைத்த வெள்ளைச் சட்டையின் சூட்டில், சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது குட்டி. காலரிலிருந்து பாக்கெட்வரை சாம்பல் பாதங்கள். ஒரு சாண் தள்ளி, ஆறாத இஸ்திரிப் பெட்டி. மனைவி முதலில் பெட்டியைப் பரணில் ஏற்றினாள், பிறகுதான் தம்பியைத் திட்டினாள். அவன் என் தொளதொளச் சட்டையில் இன்டர்வியூவுக்குப் போனான். நான் கதவுத் தாளில் ‘இஸ்திரிப் பெட்டியும்’ என்று சேர்த்தேன்.

அந்தக் குட்டி அடுப்பைவிட்டு வெளியேறியது நான் தீக்குச்சியை எடுப்பதற்கு முன்பா, பின்பா என்பது மட்டும் இதுவரை உறுதியாகவில்லை.